விருத்தம் என்றால் வட்டமா?

பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலுக்கு மேலே அதன் பாவகையை 'எண்சீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம்' என்று நீளமாக அச்சிட்டிருப்பார்கள். அதில் கடைசிச் சொல்லான விருத்தம் 'வ்ருத்த' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. உருண்டது, வட்டமானது என்று பொருள். முதலடியின் அளவே நான்கடியிலும் சுழன்று வரும் பாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்.

விருத்தாசலத்தில் உள்ள விருத்தம் வேறு. அது முதுமையைக் குறிக்கும் இன்னொரு வடசொல். அந்த ஊரைத் தேவாரம் முதுகுன்றம் என்றே பாடுகிறது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிட்டன.

வடமொழி விருத்தத்தில் இலகு என்ற குறுகிய அசை எங்கே, குரு என்ற நீண்ட அசை எங்கே என்று அசை வரிசையே கட்டாயம். தமிழ் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கைச் சீரில், அதாவது அசைகள் சேர்ந்து அடியில் வரும் துண்டுகளில், வைத்துக்கொண்டது. அடிக்கு மூன்று சீர் வந்தால் வஞ்சி விருத்தம், நான்கு வந்தால் கலி விருத்தம், ஆறும் அதற்கு மேலும் வந்தால் ஆசிரிய விருத்தம். இன்னொரு வகையான வெளிவிருத்தத்தின் கதை தனி.

ஆனால் இந்தப் பெயரை வைத்துப் பாட்டின் மனநிலையைச் சொல்லிவிட முடியாது. கம்பனையே பாருங்கள். 'உலகம் யாவையும் தாமுள வாக்கலும்' கலி விருத்தம். சூர்ப்பணகை அழகியாக உருமாறி வரும் 'பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவ மனுங்க' என்பதும் கலி விருத்தமே. முதலாவதில் 'உலகம்' என்ற மாச்சீர் ஒன்று, பிறகு 'யாவையும்' போன்ற மூன்று விளச்சீர். நிதானமாக, கைகூப்பி நிற்கிற நடை. இரண்டாவதில் 'பஞ்சியொளிர்' போல மூன்று அசை கொண்ட காய்ச்சீர் இரண்டு முன்னால் வர, ஞ்சி, ஞ்சு என்று மெல்லினம் குலுங்க, அவள் ஒயிலாக நடந்து வருவது காதில் விழுகிறது. வாய்விட்டுப் படித்தால்தான் இது புரியும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மண்டிலம். தனித்தமிழ் அன்பர்கள் 'அறுசீர் ஆசிரிய மண்டிலம்' என்று எழுதுவதுண்டு. மண்டிலம் என்றாலும் வட்டம்தான். தொல்காப்பியச் செய்யுளியலிலேயே பாட்டின் பெயராக வருகிறது. மண்டிலமே வடசொல் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் இவ்வளவு காலம் நம் யாப்பில் புழங்கிய சொல்லை எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. எல்லா அடியும் நாற்சீராக ஒத்து வரும் அகவலுக்கு, அதாவது ஆசிரியப்பாவுக்கு, நிலைமண்டில ஆசிரியப்பா என்று ஏற்கெனவே பெயர். மணிமேகலை அந்தப் பாவில் ஆனது. வெறுமனே 'மண்டிலம்' என்றால் எது என்று வாசகர் முழிப்பார். ஆகவே கலி மண்டிலம், ஆசிரிய மண்டிலம் என்று முழுப்பெயராகவே எழுதுங்கள். முதல் தடவை மட்டும் பக்கத்தில் விருத்தம் என்றும் போட்டுவிடுங்கள்.