கேம்பிட்: பலியா, இரையா?

செல்லூரில் மாமா வீட்டுப் பரணில் ஒரு அஞ்சலட்டைக் கட்டு கிடைத்தது. தபாலில் சதுரங்கம் ஆடியபோது எதிராளி அனுப்பியவை. 5254, 7163, 4244, 6134 என்று நகர்வுக்கு நாலு எண். முதல் இரண்டும் காய் கிளம்பும் கட்டம், அடுத்த இரண்டும் போய்ச் சேரும் கட்டம். எழுத்தே இல்லாததால் எந்த மொழிக்காரரோடும் ஆடலாம். 6134 வந்த அட்டையின் ஓரத்தில் மாமா பென்சிலால் 'ஸ்காட்ச் கேம்பிட்' என்று எழுதி வைத்திருந்தார். அது ஒரு ஆட்டத் தொடக்கத்தின் பெயர். அதில் வரும் 'கேம்பிட்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஸ்காட்ச் என்ற பெயரே தபால் ஆட்டத்தில் பிறந்ததுதான். 1824 முதல் 1828 வரை எடின்பரோ, லண்டன் சங்கங்கள் கடிதம் வழியாக மோதின. ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஜெயித்தது. அந்தப் போட்டியில் ஆடிய தொடக்கத்துக்கு அந்த நாட்டின் பெயர் நிலைத்துவிட்டது.

சரி, கேம்பிட்? இத்தாலியில் 'காம்பா' என்றால் கால். 'காம்பெட்டோ' என்பது காலை நீட்டி எதிரியை இடறி விழச் செய்வது. ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோப்பஸ் 1561இல் அதைச் சதுரங்கத்துக்குக் கொண்டு வந்தார். ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு காயை, பெரும்பாலும் சிப்பாயை, வெட்டக் கொடுத்து, பதிலுக்கு வேகமும் நல்ல இடமும் பெறுவது கேம்பிட்.

நேராகத் தமிழாக்கினால் 'காலை வாருதல்'. ஆனால் நம் பேச்சில் அது கூட இருப்பவருக்குச் செய்யும் துரோகம். இங்கே பொருந்தாது. 'பலி' என்று சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. அழகர்கோயிலில் கருப்பசாமிக்குக் கிடா வெட்டுகிறவர் அதை நேர்ந்து கொடுக்கிறார். சாமி ஏமாந்து வாங்குவதில்லை. கேம்பிட்டில் கொடுக்கிற கைக்கு உள்நோக்கம் உண்டு, வாங்குகிறவர் யோசிக்க வேண்டும். சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிற வேலை அது. கண்மாயில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்ட யாருக்கும் இது புரியும்.

அதனால் 'இரைத் தொடக்கம்' என்பேன். இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எதிராளி சிப்பாயை வெட்டினால் 'இரை ஏற்பு', தொடாமல் விட்டால் 'இரை மறுப்பு'. ராணி கேம்பிட் என்ற தொடக்கத்தில் ஏற்பது, மறுப்பது என்று இருக்கிற இரண்டு கிளைகளுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

தபால் ஆட்டத்தில் குழப்பம் வராமலிருக்க, எதிராளியின் கடைசி நகர்வையும் திருப்பி எழுதுவார்கள். அந்த அட்டையில் 6134க்கு மேலே மாமாவின் நகர்வாக 5544 இருந்தது. 4244 என்று வந்து நின்ற சிப்பாயை வெட்டி, மாமா இரையைக் கொத்தியிருக்கிறார்.