பச்சை மாறும்வரை பீன்ஸை வேகவிடுங்கள்

மறுபடியும் பீன்ஸ். போன வாரம் வந்த குடும்பத்தில் கணவன், மனைவி, பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் என மூன்று பேருக்கும் இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல். குழந்தைக்குத் தயிர்சாதம் மட்டும் ஊட்டியிருந்ததால் அவன் தப்பித்தான். அவசரப் பிரிவில் டிரிப்ஸ் ஏற்றி, விடிந்ததும் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் என்னிடம் வந்து அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "மேடம், இங்கே விக்கிற சோயா சாஸ்ல ஏதாவது கலப்படம் இருக்குமா?"

சாஸில் ஒன்றுமில்லை. அஜினோமோட்டோவிலும் ஒன்றுமில்லை. பீன்ஸ் வேகவில்லை.

ஷாங்காயில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். வேலை நிமித்தமாகச் சீனாவுக்கு வந்திருக்கும் நம் குடும்பங்கள் நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். கோடை தொடங்கி இலையுதிர்காலம் முடியும்வரை, சந்தையில் பீன்ஸ் மலிவாகக் குவியும் மாதங்களில், இதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் செய்து கொடுத்த வறுத்த பீன்ஸ் பிடித்துப்போகிறது. வீடியோ பார்த்து நாமும் செய்கிறோம். கடாயைப் புகைய விட்டு, பூண்டும் மிளகாயும் தட்டிப் போட்டு, பீன்ஸை இரண்டு நிமிடம் புரட்டி, பளிச்சென்ற பச்சையில் இறக்கிவிடுகிறோம். அந்த மனைவி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நிறம் மாறினா சத்து போயிடும்னு நீங்கள்லாம்தானே சொல்றீங்க?"

இல்லை அம்மா, நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. இந்த ஒரு நம்பிக்கையைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

சீனச் சமையல் என்றால் பெருந்தீ, இரண்டு புரட்டு, காய் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது உணவகத்து அடுப்பைப் பார்த்து வந்த நினைப்பு. சீன வீடுகளில் ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கள். நடுவில் சோற்றுடன் மூன்று காய்கறி வகை, ஒரு சூப். தக்காளியும் முட்டையும் சேர்த்த வதக்கல், பூண்டு தட்டிப் போட்ட கீரை, கொஞ்சம் இறைச்சி கலந்த ஒரு காய், பூசணியோ முள்ளங்கியோ போட்ட சூப். எண்ணெயும் மசாலாவும் குறைவு. அந்தந்தப் பருவத்தில் சந்தைக்கு வருவதுதான் தட்டிலும் இருக்கும். வசந்தத்தில் மூங்கில் குருத்து, கோடையில் வெள்ளரியும் சாம்பல் பூசணியும், குளிரில் சீன முட்டைக்கோஸும் முள்ளங்கியும். சர்க்கரை, கொழுப்பு என்று வருகிறவர்களிடம் "இப்படிச் சாப்பிடுங்கள்" என்று நானே சொல்கிறேன். இதைவிட எளிதான நல்ல சாப்பாடு வேறு எங்கே கிடைக்கும்?

ஆனால் அந்தச் சாப்பாட்டில் எல்லாக் காயும் ஒரே வேக்காட்டில் இருக்காது. பாக் சோய் என்ற சீனக் கீரை ஒரு நிமிடம். பசலைக்கீரையைக் கொதிநீரில் முக்கி, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் கடாய்க்கு எடுப்பார்கள். கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு ஓரளவு அதிலேயே போய்விடும். மூங்கில் குருத்தைத் தோலுரித்து, மூடி போடாமல் வேகவைத்து, நீரை மாற்றுவார்கள். பீன்ஸுக்கு வரும்போது எந்தச் சீனப் பாட்டியும் அவசரப்பட மாட்டார். வடகிழக்கில் அதை உருளைக்கிழங்கோடும் விலா எலும்போடும் சேர்த்து அரைமணி நேரம் அடுப்பில் விட்டுவிடுவார்கள். பீன்ஸ் குழைந்து பழுப்புப் பச்சையாகிவிடும், அதுதான் அங்கே ருசி. நம் ஆட்கள் நறுக்கென்று செய்யப் பார்க்கும் அந்தச் சிச்சுவான் வறுவல்கூட நறுக்கென்று இருக்கக்கூடாது. பீன்ஸின் தோல் முழுக்கச் சுருங்கி, அங்கங்கே பழுப்புக் கொப்புளம் கண்டு, நடுவில் பிடித்தால் தொய்ந்து விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் மிளகாயும் பூண்டும் உள்ளே போகும். வீடியோவில் அந்த இடத்தை வெட்டிவிடுகிறார்கள். அவர்கள் வெட்டிய அந்தக் கட்டத்தையே நாம் சமைக்கும்போதும் விட்டுவிடுகிறோம்.

வேகாத பீன்ஸில் உள்ள லெக்டின், சபோனின் என்ற இயற்கை நஞ்சுகள் குடலைப் பாதிக்கும், நன்றாக வெந்தால் செயலிழந்துவிடும். அறிவியல் அவ்வளவுதான். சத்து விஷயத்துக்கு வருவோம். வேகவைத்தால் வைட்டமின் சி கொஞ்சம் குறையும், உண்மைதான். அதற்காக பீன்ஸையா நம்பியிருக்கிறீர்கள்? ஒரு கொய்யாவோ ஒரு ஆரஞ்சோ சாப்பிட்டால் அந்தக் கணக்கு தீர்ந்தது. நார்ச்சத்து வெந்தாலும் இருக்கும். கரோட்டின் கொஞ்சம் எண்ணெயில் வெந்தால் உடம்பில் இன்னும் நன்றாகச் சேரும். பச்சை நிறம் குளோரோஃபில். அது மங்குவதை வைத்துச் சத்தை அளக்காதீர்கள். பீன்ஸைப் பொறுத்தவரை அந்தப் பளிச்சென்ற பச்சைதான் எச்சரிக்கை விளக்கு. நிறம் மங்கி, பச்சை வாசனை போய், பல்லில் கடிபடாமல் மசியும்வரை இறக்காதீர்கள். கொதிநிலையில் பத்து நிமிடத்துக்குக் குறையக்கூடாது.

நம் அம்மா செய்யும் பீன்ஸ் பொரியலில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? பொடியாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, மூடிவைத்து வேகவிட்டுத்தானே தேங்காய் தூவுவார்? அந்தப் பழக்கத்தைக் கடல் கடந்ததும் ஏன் கைவிட வேண்டும்?

இங்கே பள்ளி உணவுக்கூடங்களில் பெரிய கொப்பரையில் அடியில் உள்ளது கருகி மேலே உள்ளது வேகாமல் போய், பிள்ளைகள் கூட்டமாக மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு. அதனால் பல ஊர்களில் பள்ளிகளில் இந்தப் பீன்ஸைச் சமைக்கவே தடை. நண்பர்களைக் கூப்பிட்டு வீட்டில் விருந்து வைக்கிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். அளவு கூடினால் முதலில் பீன்ஸைத் தனியாக வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் வறுங்கள். ராஜ்மா ஊறவைத்து ஸ்லோ குக்கரில் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் குக்கரின் மிதமான சூட்டில் லெக்டின் அழியாது. குறைந்த சூட்டில் வெந்த ராஜ்மா பச்சை ராஜ்மாவைவிட மோசமாகவும் ஆகலாம். முதலில் அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிடுங்கள்.

பீன்ஸ் ஒரு ராத்திரி பாடாய்ப்படுத்திவிட்டுப் பெரும்பாலும் விட்டுவிடும். அடுத்ததை நினைத்தால்தான் எனக்குப் பயம். அது மு அர், கறுப்பு மரக்காளான். காய்ந்ததை வாங்கி ஊறவைத்து வெள்ளரியோடும் முட்டையோடும் வதக்குவார்கள், நம் வீடுகளிலும் இப்போது பழகிவிட்டது. காலையில் ஊறப்போட்டுவிட்டு ஆபீஸ் போய், இரவு வந்து சமைக்கிறேன் என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். கோடைச் சூட்டில் சமையல் மேடையில் நாள் முழுக்க! அந்த நீரில் ஒரு வகை பாக்டீரியா வளர்ந்தால் பாங்க்ரெகிக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும். அதற்கு மணமில்லை, ருசியில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது, முறிவு மருந்தும் கிடையாது. 2020 அக்டோபரில் ஹெய்லொங்ஜியாங் மாகாணத்தின் ஜிஷி நகரில், ஓராண்டாக ஃப்ரீசரில் இருந்த புளித்த சோளமாவு நூடுல்ஸை ஒரு குடும்பமே கூடிச் சாப்பிட்டது. ருசி பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய இளையவர்கள் மூன்று பேர் பிழைத்தார்கள். சாப்பிட்ட ஒன்பது பேரும் இறந்தார்கள். காரணம் இதே நஞ்சு. "நல்லா கொதிக்கவெச்சிட்டா எல்லாக் கிருமியும் செத்துடும்" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கிருமி செத்தாலும் அது கக்கிய நஞ்சு அப்படியே இருக்கும்.

ஆகவே தயவுசெய்து அன்றைக்கு வேண்டியதை மட்டும் ஊறவையுங்கள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் என்றால் ஃபிரிட்ஜில். வழவழப்பாகிவிட்டால் கழுவிப் பார்க்காதீர்கள், குப்பையில் போடுங்கள். அரிசிமாவு, சோளமாவு நூடுல்ஸ் ஈரத்தோடு நாள்கணக்கில் வெளியே கிடந்திருந்தாலும் அதே விதி.

மற்றவை சுருக்கமாக. கோடையில் சந்தைக்கு வரும் புதிய மஞ்சள் அல்லி (டே லில்லி) மொட்டு வயிற்றைக் கெடுக்கக்கூடும். காய்ந்த மொட்டையே வாங்குங்கள், அது பதப்படுத்தப்பட்டது. சுரைக்காய் கசந்தால் துப்பிவிடுங்கள், முழுக்காயையும் எறியுங்கள். காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று சமைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் யாங்சி ஆற்றுப் பக்கமெல்லாம் வரும் ஃபாவா பீன்ஸை, ஜி6பிடி குறைபாடு (ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள பிள்ளைகளுக்கு வேகவைத்தும் தரக்கூடாது. ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோகும். பிள்ளைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள்.

இதைப் படித்துவிட்டுச் சீனக் காய்களே வேண்டாம் என்று யாரும் ஒதுங்கிவிடாதீர்கள், அதுதான் எனக்குப் பெரிய வருத்தமாக இருக்கும். சந்தைக்குப் போங்கள். காய் விற்கும் அம்மாவிடம் இதை எவ்வளவு நேரம் வேகவைப்பது என்று கேளுங்கள். மொழி வராவிட்டாலும் ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டுங்கள், நின்று பொறுமையாகச் சொல்வார்கள்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வீட்டில் ஒருவருக்கு மேல் வாந்தி எடுத்தால் ஓமவாட்டர், சோடா என்று வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 120-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் சாப்பாட்டைக் கொட்டாமல் ஒரு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஊறியது, எவ்வளவு நேரம் வெந்தது என்று மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மரக்காளான் என்றால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.