நழுவிய புள்ளியும் நொடிக்கு 61 கிலோமீட்டரும்

“3ஐ/அட்லஸ் வால்வெள்ளி வேறொரு விண்மீனின் பக்கத்திலிருந்து வந்தது என்கிறார்களே, அதன் நெற்றியில் எழுதியா ஒட்டியிருக்கிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எழுதித்தான் இருக்கிறது. நெற்றியில் தேடாமல் வேகத்தில் தேட வேண்டும்.

2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டின் ரியோ உர்த்தாடோவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் அது சிக்கியது. அரை மீட்டர் விட்டமுள்ள சிறிய கருவி. பூமியை மோதக்கூடிய சிறுகோள்களை முன்கூட்டியே கண்டு சொல்வது அதன் வேலை. வானத்தின் ஒரே பகுதியை ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொன்றும் 30 விநாடி என்று படமெடுக்கும். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விண்மீன்கள் அசையாமல் நிற்கும். ஒரு புள்ளி மட்டும் நழுவியிருக்கும்.

ஆனால் படம் திசையைத்தான் காட்டும், தொலைவைக் காட்டாது. அருகே மெல்ல ஊர்கிற கல்லும், வெகு தொலைவில் பாய்கிற மலையும் படத்தில் ஒரே அளவு நகரக்கூடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், சங்கடம் புரியும். நாள்கள் செல்லச் செல்லப் பூமி இடம் மாறுகிறது, பார்வைக் கோணமும் மாறுகிறது. தொலைவு மெல்லப் பிடிபடுகிறது. இம்முறை காத்திருக்கத் தேவையில்லாமல் பழைய படங்கள் கைகொடுத்தன. அமெரிக்காவின் பாலோமர் மலைத் தொலைநோக்கி ஜூன் மாதமே எடுத்து வைத்திருந்த படங்களில் அந்தப் புள்ளி யாரும் கவனிக்காமல் கிடந்தது.

கணக்கு போட்டதும் குட்டு வெளிப்பட்டது. அப்போது அது சூரியனிலிருந்து சுமார் 67 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. எங்கோ அசையாமல் நின்ற ஒரு பொருளைச் சூரியன் இழுத்து அவ்விடத்துக்குக் கொண்டுவந்தால், அதற்கு நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். சூரியனின் கொடை அவ்வளவே. இதுவோ 61 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. 61இல் 20ஐக் கழித்துவிடாதீர்கள். இது ஆற்றல் கணக்கு, வேகங்களின் இருமடிகளைத்தான் கழிக்க வேண்டும். கழித்தால் ஏறத்தாழ 58 மிஞ்சுகிறது. அது வெளியிலிருந்தே கொண்டுவந்த சொந்த வேகம். சூரியக் குடும்பத்துப் பொருள் ஒன்றை வியாழன் தன் ஈர்ப்பால் உதைத்துத் தள்ளினாலும் இவ்வளவு கிடைக்காது. இதற்கு முன் இப்படி வெளியிலிருந்து வந்த விருந்தாளிகளான ஓமுவாமுவா (2017) 26, போரிசாவ் (2019) 32 என்ற அளவில்தான் வேகம் கொண்டுவந்தன.

இத்தனைக்கும் பிறகு ‘வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல்’ என்று கிளப்பிவிட்டார்கள். வால்வெள்ளி தோன்றினால் அரசனுக்கு ஆகாது என்ற பழைய பயமாவது வானத்தை அண்ணாந்து பார்க்க வைத்தது. இது கைப்பேசியைக் குனிந்து பார்க்க வைக்கிறது. ‘சிறுகோள் இன்னும் மோதவில்லையே, எதற்கு இந்தச் செலவு?’ என்று நிதிக்குக் கத்தரி போட நினைப்பவர்களுக்கும் ஒன்று: இந்த விருந்தாளியைப் பிடித்தது அந்தச் செலவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அக்டோபரில் நடந்தது. பூமியிலிருந்து பார்த்தால் வால்வெள்ளி சூரியனின் ஒளிக்குள் மறைந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கோ அது அண்டை வீடு. அக்டோபர் 3 அன்று, செவ்வாயைச் சுற்றிவரும் ஐரோப்பாவின் எக்சோமார்ஸ் விண்கலம் சுமார் 3 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து அதைப் படமெடுத்தது. வெயில் படும் செவ்வாய்த் தரையைப் படம்பிடிக்கச் செய்த கேமரா அது; வழக்கமான இலக்கைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் மங்கலான பொருளைப் பார்க்கச் சொன்னார்கள். கிடைத்தது ஒரு பஞ்சுப்பொட்டு. அது போதும்: மூடியிருந்த இன்னொரு கண் திறந்தாயிற்று.

பூமியில் உள்ள தொலைநோக்கி எங்கே நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். விண்கலமோ செவ்வாயைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. படமெடுத்த நொடியில் அது எங்கே இருந்தது என்று முதலில் கணித்து, அதன் பிறகே வால்வெள்ளியின் இடத்தைக் குறிக்க முடிந்தது. சிறுகோள், வால்வெள்ளி அளவீடுகளை உலகெங்குமிருந்து சேகரிக்கும் சிறுகோள் மையத்தின் பதிவேட்டில், வேறொரு கோளைச் சுற்றும் கலத்தின் அளவீடு ஏறியது அதுவே முதல் முறை. பாதைக் கணிப்பின் துல்லியம் பத்து மடங்கு கூடியது.