ஐரிஸ்: சொல்லும் பூவும்

கிரேக்கப் புராணத்தில் ஐரிஸ் என்பவள் வானவில்லுக்குரிய தேவதை. தேவர்களின் செய்தியை மண்ணுக்குக் கொண்டுவரும் தூதி. அம்மொழியில் வானவில்லுக்கும் அதுவே பெயர். நீலம், ஊதா, மஞ்சள், வெள்ளை, செம்பு எனப் பல நிறங்களில் பூக்கும் செடிக்கும் பண்டைக் கிரேக்கர்கள் அப்பெயரையே வழங்கினர். 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் அதைப் பேரினப் பெயராக, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுதிக்குரிய பெயராக, நிலைநிறுத்தினார். கண்ணில் பாவையைச் சூழ்ந்துள்ள நிறப் படலத்தின் பெயரும், 1803-இல் கண்டறியப்பட்டு, பல நிற உப்புகளைத் தந்ததால் அப்பெயர் பெற்ற இரிடியம் என்னும் உலோகத்தின் பெயரும் இதே வேரிலிருந்து வந்தவையே.

இச்சொல்லைத் தமிழில் எப்படி வழங்குவது? கண்ணுறுப்பைக் குறிக்கும்போது 'கருவிழிப்படலம்' என்பது பொருத்தமான தமிழ். அதைப் பூவுக்கும் நீட்டிவிடக் கூடாது. 'வானவில் பூ' என்பது மூலப் பொருளுக்கு நெருக்கமானது, அழகானதும்கூட. ஆயினும் தாவரவியலில் பேரினத்துக்கு ஐரிஸ் என்ற பெயரையே வைத்துக்கொண்டு, உறுப்புகளுக்கும் வகைகளுக்கும் தமிழ்ச் சொல் ஆள்வதே தெளிவு தரும் என்பது என் கருத்து.

பூவின் அமைப்பே அதற்கு இடம் தருகிறது. ஆறு இதழ்களில் வெளிவட்டத்து மூன்றும் கீழ்நோக்கி வளைந்து தொங்குவதால் அவற்றை வீழிதழ் என்றும், உள்வட்டத்து மூன்றும் பெரும்பாலும் மேல்நோக்கி நிற்பதால் அவற்றை நிமிரிதழ் என்றும் சொல்லலாம். சூலகத்தண்டு மூன்றாகப் பிரிந்து, இதழ் போலவே விரிந்து, ஒவ்வொரு வீழிதழின் மேலும் ஒரு கூரையாகக் கவிந்திருக்க, அதன் அடியில் ஒரு மகரந்தத்தாள் மறைந்திருக்கும். வீழிதழில் வந்து அமரும் தேனீ உள்ளே நுழையும்போது, அதன் முதுகில் இருக்கும் வேற்றுப் பூவின் மகரந்தம் முதலில், மகரந்தத்தை ஏற்கும் உறுப்பான சூலகமுடியின் விளிம்பில் படிகிறது. அதன் பிறகே இப்பூவின் மகரந்தம் முதுகில் ஒட்டுகிறது. திரும்பி வருகையில் அவ்விளிம்பின் ஏற்கும் பக்கம் தேனீயின் மேல் படுவதில்லை.

குங்குமப்பூவும் கிளாடியோலஸும் அடங்கிய ஐரிடேசியே குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினத்தில் ஏறத்தாழ 300 சிற்றினங்கள் உள்ளன. அனைத்தும் வட அரைக்கோளத்துக்கு உரியவை. கிடையாக வளரும் மட்டநிலத்தண்டு உடையவை, வெங்காயம் போன்ற குமிழம் உடையவை என்பது பெரும் பிரிவு. முன்னவற்றில் வீழிதழின் நடுவே மயிர்க்கற்றை இருந்தால் தாடி ஐரிஸ், சீப்பு போன்ற மேடு இருந்தால் கொண்டை ஐரிஸ், இரண்டும் இல்லையேல் தாடியிலி. தாடி வகையான ஐரிஸ் பாலிடாவின் தண்டைச் சில ஆண்டுகள் உலர்த்திவைத்தால்தான் வாசனைத் திரவியத்துக்குரிய மணம் அதில் ஊறி வரும். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம் இதற்குப் பெயர்பெற்றது. மரபணு ஆய்வுகள் இவ்வகைப்பாட்டின் எல்லைகளை மாற்றிவருகின்றன. பெலாம்காண்டா என்று தனிப் பேரினமாக நின்ற செடி 2005-இல் ஐரிஸ் டொமஸ்டிகா ஆயிற்று.

தாடியிலி வகைகளுள் ஐரோப்பிய நீர்நிலைகளின் கரையில் மஞ்சளாகப் பூக்கும் ஐரிஸ் சூடகோரஸுக்கு நேரான தமிழ்ப் பெயரே அமைகிறது. அகோரஸ் என்பது நம் வசம்பின் பேரினம். வாள் போன்ற இலைகளின் ஒற்றுமையால் லின்னேயஸ் இட்ட அப்பெயரின் பொருள் 'பொய் வசம்பு'. இவை உறவுச் செடிகள் அல்ல. வசம்பு இலையைக் கசக்கினால் மணக்கும். இதில் அம்மணம் இராது. இதன் தண்டு நச்சுத்தன்மை உடையது. ஆகவே 'பிள்ளை வளர்ப்பான்' என்று நாம் போற்றும் மருந்துக்கு ஈடாக இதை ஒருபோதும் கொள்ளக் கூடாது.