பட்டியலில் தங்கம் இல்லை, பொட்டாஷ் இருக்கிறது

மதுரை மாவட்டம் மேலூர் அருகே டங்ஸ்டன் உலோகம் எடுக்கச் சுரங்க ஏலம் விட்டு எழுந்த விவகாரத்தைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஒரு கனிமம் நாட்டுக்கு முக்கியம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?”

2022 நவம்பரில் மத்திய சுரங்க அமைச்சகம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. பிற நாடுகளின் பட்டியல்களை அலசி 69 தனிமங்களை எடுத்துக்கொண்டார்கள், மற்ற அமைச்சகங்களிடம் கருத்துக் கேட்டார்கள், 2023 ஜூனில் நாட்டுக்கு முக்கியமானவை என்று 30 கனிமங்களின் பட்டியலை அறிவித்தார்கள். லித்தியம், கோபால்ட் எதிர்பார்த்ததுதான். ஆனால் அட்சய திருதியைக்கு நாம் வரிசையில் நின்று வாங்கும் தங்கம் அதில் இல்லை. வயலில் கொட்டுகிற பொட்டாஷ் இருக்கிறது. நமக்கு வேண்டிய பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுக்கக் கப்பலில்தான் வருகிறது.

குழு கவனத்தில் கொண்ட ஐரோப்பிய ஒன்றிய முறை இரண்டு எண்களைக் கேட்கிறது. ஒன்று, அந்தக் கனிமம் பொருளாதாரத்துக்கு எவ்வளவு தேவை. இன்னொன்று, அது கிடைக்காமல் போகும் ஆபத்து. இந்த இரண்டாவதில்தான் எனக்குப் பிடித்த கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு பொருளின் விற்பனை எவ்வளவு சில கைகளில் குவிந்திருக்கிறது என்று அளப்பது அது. ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு என்று பெயர். பெயர்தான் வாயில் நுழையாது, கணக்கு எட்டாம் வகுப்பு.

உங்கள் தெருவில் நாலு பேர் பால் ஊற்றுகிறார்கள், ஆளுக்கு 25 சதவீதம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 2,500. இப்போது ஒருவர் 70, மற்ற மூவரும் ஆளுக்குப் பத்து என்று மாறுகிறது. 4,900 உடன் 300, ஆக 5,200. அதே நாலு பேர், அதே பால். ஆனால் எண் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது! பெரிய கை இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான் வர்க்கம். உலக டங்ஸ்டன் சுரங்க உற்பத்தியில் சீனாவின் பங்கு சுமார் 80 சதவீதம். அந்த ஒரு நாடே சுமார் 6,400 போட்டுவிடும். தங்கத்தில் எந்த ஒரு நாட்டுக்கும் இப்படிப் பிடி இல்லை.

அப்புறம் விற்கும் நாட்டின் ஆட்சி எவ்வளவு நிலையானது என்று பார்த்து எண்ணைக் கூட்டிக் குறைப்பார்கள். மாற்றுப் பொருளோ மறுசுழற்சியோ இருந்தால் ஆபத்து குறையும். என் மேசை இழுப்பறையில் மூன்று செத்த போன்கள் கிடக்கின்றன. சுரங்க ஏலத்துக்குக் காட்டுகிற அவசரத்தில் பாதியையாவது இவற்றிலிருந்து உலோகம் பிரிக்கும் ஆய்வகங்களுக்குக் காட்டலாம்.

சரி, பட்டியலில் வந்தால் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, 24 கனிமங்களுக்கு ஏலம் விடும் உரிமையை மத்திய அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது. ஏல வருவாய் மாநிலத்துக்கு, முடிவு டெல்லியில். டங்ஸ்டனும் அந்த 24-இல் ஒன்று. மேலூர் அருகே நாயக்கர்பட்டி சுரங்கத் தொகுதி அப்படித்தான் ஏலத்துக்கு வந்தது. அந்தத் தொகுதிக்குள்தான் உயிரின வளத்துக்காகக் காக்க வேண்டிய இடம் என்று அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமும் இருந்தது. தமிழக அரசு அதை அறிவித்தது 2022 நவம்பரில், டெல்லியில் குழு அமைந்த அதே மாதம். சூத்திரத்தில் சீனாவின் பங்குக்கு இடம் உண்டு, அரிட்டாபட்டிப் பாறைக்கு இல்லை. அதை மேலூர்க்காரர்கள் மதுரை வரை நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.