ஆர்க்டிக்கில் காடாக நின்ற ரெட்வுட்டின் உறவுகள்

கனடாவின் வடகோடியில் இருக்கும் ஆக்செல் ஹைபர்க் தீவில் இன்று ஆள் உயரத்துக்குக்கூட மரம் வளர்வதில்லை. ஆனால் அங்கே மண்ணுக்குள்ளிருந்து பெரிய பெரிய அடிமரங்கள் வெளிப்படுகின்றன. சுமார் 4.5 கோடி ஆண்டுப் பழைமை கொண்டவை. வெள்ளம் கொண்டுவந்த வண்டல் வேகமாக மூடிவிட்டதால் காற்றுப் படவில்லை, மட்கவில்லை. கல்லாகவும் மாறவில்லை, இன்றும் ரம்பத்தால் அறுக்கலாம், தீ வைத்தால் எரியும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஃப்ளோரிசண்டில் கதை வேறு: எரிமலைச் சேற்றில் புதைந்த ரெட்வுட் என்ற ஊசியிலை மரங்களுக்குள் மணலில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமம் புகுந்து அவற்றைக் கல்லாக்கிவிட்டது.

ஆர்க்டிக் அடிமரங்களில் பெரும்பாலானவை ரெட்வுட்டின் உறவு மரமான மெட்டாசெக்கோயா. ஜப்பானியத் தாவரவியலாளர் ஷிகெரு மிகி, 1941-ல் புதைபடிவங்களை மட்டும் வைத்து இந்த இனத்துக்குப் பெயரிட்டார். கலிஃபோர்னியா ரெட்வுட்டில் இலைகள் மாறி மாறி அமையும். இதில் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். கூம்புச் செதில்களும் அப்படித்தான். அழிந்துபோன மரம் என்றே நினைத்தார்கள். சில ஆண்டுகளில் நடுச் சீனாவின் ஒரு கிராமத்தில் உயிரோடு நின்ற மரம் அடையாளம் காணப்பட்டு, 1948-ல் முறையாக விவரிக்கப்பட்டது. அப்புறம்தான், ரெட்வுட் என்று சேகரிப்புப் பெட்டிகளில் எழுதி வைத்திருந்த வடக்கத்திய புதைபடிவங்கள் பலவும் மெட்டாசெக்கோயா என்று தெரிந்தது.

அந்த ஆர்க்டிக் காடு வளர்ந்த காலத்தில் பூமி வெப்பமாக இருந்தது. துருவத்தில் நிலையான பனிப்பாறை இல்லை. சரி, துருவக் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் நீளும் இருட்டை இந்த மரம் எப்படிச் சமாளித்தது? மெட்டாசெக்கோயா குளிர்காலத்தில் இலையுதிர்க்கும். இருட்டில் இலைகள் சுவாசித்தே மரத்தின் உணவுச் சேமிப்பைத் தீர்த்துவிடும், அதனால்தான் உதிர்க்கிறது என்று நெடுநாள் நம்பினார்கள். கேட்டதும் சரியென்று படும் விளக்கம்தான். ஆனால் துருவ ஒளியைச் செயற்கையாக உருவாக்கி மரங்களை வளர்த்த ஆய்வு ஒன்று, 2003-ல் இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது: இலைகளை வைத்துக்கொண்டு சுவாசிப்பதைவிட, உதிர்ப்பதில்தான் கூடுதல் கார்பன் வீணாகிறது. அப்படியானால் உதிர்க்கும் பழக்கத்துக்கு இருட்டை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. எனக்கு இந்தக் காடுகளிலேயே மிகவும் பிடித்த புதிர் இதுதான்.

பின்னர் பூமி குளிர்ந்தது, வறண்டது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று பரவியிருந்த இந்தக் குடும்பக்கிளையில் இன்று மூன்று இனங்களே மிச்சம். கோடை மூடுபனி ஈரத்தை நம்பிக் கலிஃபோர்னியா, ஓரிகன் கரையோரத்தில் ரெட்வுட். சியரா நெவாடா மலைச்சரிவில் ராட்சத செக்கோயா. கோடையில் நல்ல மழை பெறும் சீனப் பள்ளத்தாக்குகளில் மெட்டாசெக்கோயா.