நெருப்பு வைத்தால் குளிரும் பெட்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து இட்டாஸ்கா ஏரிக்கரையில், கட்டிலும் சமையலறையுமாக வீடுபோல் இருக்கும் ஆர்.வி. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், இறங்கிய கையோடு ஏரிக்கு ஓட முடியாது. 1891-ல் அமைந்த அந்த மாநிலப் பூங்காவில்தான் மிசிசிப்பி ஆறு பிறக்கிறது. அவ்வளவு பெரிய ஆற்றை அங்கே கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம், பிள்ளைகள் அதற்குத்தான் பறப்பார்கள். வண்டி ஓட்டி வந்தவரோ ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பதும், சக்கரத்தடியில் பலகை கொடுப்பதுமாக இருப்பார். சாய்ந்த கட்டிலில் தூக்கம் வராது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் ஃபிரிட்ஜ்.

பல வண்டிகளில், குறிப்பாகப் பழையவற்றில், ஃபிரிட்ஜ் புரோபேன் எரிவாயுவில் ஓடும். முதுகுப்புறம் நீலச் சுடர் எரிய, உள்ளே ஐஸ் கட்டும். குளிரை உண்டாக்கும் குழாய்ச் சுற்றில் கம்ப்ரசர் இல்லை, அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. 1922-ல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் கண்ட வழி இது. ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும்கூட அசையும் பாகமில்லாத வேறொரு ஃபிரிட்ஜுக்கு 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்கள். வீடுகளுக்கு வந்து சேர்ந்தது என்னவோ மாணவர்களுடையதுதான்.

மூடி அடைத்த அந்தக் குழாய்களுக்குள் இருப்பவை மூன்று: தண்ணீர், அம்மோனியா, ஹைட்ரஜன். அம்மோனியா தண்ணீரில் ஆசையாகக் கரையும், ஹைட்ரஜன் ஏறக்குறையக் கரையவே கரையாது. சூட்சுமம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

சுடர், அம்மோனியா கரைந்த தண்ணீரைச் சூடாக்குகிறது. கிளம்பும் குமிழிகள், ஒல்லியான குழாய் வழியே தண்ணீரையும் மேலே தள்ளிக்கொண்டு போகின்றன. பம்ப் வேலை அதோடு முடிந்தது. பிரிந்த அம்மோனியா ஆவி உச்சியில் இருக்கும் தகட்டுக் குழாய்களில் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு விட்டுவிட்டுத் திரவமாகிறது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் 15 மடங்குக்கும் மேல் இருப்பதால், வெயில் காலத்திலும் அது திரவமாகும்.

இங்கே ஒரு சிக்கல். அதே அழுத்தத்தில் அந்தத் திரவம் குளிர்ந்த பெட்டிக்குள் எப்படி ஆவியாகும்? கொடியில் போட்ட துணியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேண்டும், ஆனால் ஈரத்துணி நிழலில்கூடக் காய்கிறது. சுற்றியுள்ள காற்றில் நீராவி குறைவு என்பதுதான் காரணம். அடைமழையில் காய்வதில்லை. ஃபிரிட்ஜுக்குள் அந்த உலர்ந்த காற்றின் வேலையைச் செய்வது ஹைட்ரஜன். அம்மோனியா சொட்டுச் சொட்டாக அதற்குள் விழுந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான்.

அம்மோனியா ஏறிக் கனத்த வாயு கீழே இறங்குகிறது. அங்கே, அம்மோனியாவை இழந்த தண்ணீர் வழிந்து வந்து அதைத் திரும்பக் குடித்துக்கொள்கிறது. தனியாக மிஞ்சும் ஹைட்ரஜன், லேசான வாயு அல்லவா, தானே மேலே ஏறிவிடுகிறது.

இத்தனையும் வழிவது ஈர்ப்புவிசையால் மட்டுமே. வண்டி சாய்ந்து நின்றால் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும், சுடர் மேலுள்ள குழாய் வறண்டு அளவுக்கு மீறிச் சூடேறும். துரு பிடிக்காமலிருக்கக் கலந்த சோடியம் குரோமேட் உப்பு படிந்து ஒல்லிக் குழாயை அடைத்துவிடும். அதன்பின் பெரும்பாலும் அந்தச் சுற்றையே மாற்ற வேண்டியதுதான். ஓடும் வண்டிக்கு இந்தப் பயம் குறைவு. குலுங்கிக் குலுங்கித் திரவம் எங்கும் தேங்காது.

செலவழிக்கும் சக்திக்குக் கிடைக்கும் குளிர் என்று பார்த்தால், கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்கூட இது நிற்காது. ஆனால் மின் இணைப்பில்லாத ஏரிக்கரையில், இரவில் ஜெனரேட்டரின் உறுமல் இல்லாமல், 9 கிலோ சிலிண்டர் ஒன்று ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். இப்போது வரும் பல புது வண்டிகளில் லித்தியம் பேட்டரியும் 12 வோல்ட் கம்ப்ரசரும் வந்துவிட்டன. அந்த வண்டிக்காரர்கள் கட்டிலுக்காக மட்டும் பலகை கொடுத்தால் போதும்.